‘நாளைக்குப் பார்ப்பம்’ என்று தள்ளிப்போட முடியாத காய்ச்சல்



மொன்றியலில் வாழும் எங்களில் பலருக்கு ஜான்-டலோன் சந்தை ஊர்ச் சந்தையை ஞாபகப்படுத்தும் இடம். 1933ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவரும் இச்சந்தைக்கு, பார்க் எக்ஸ்ரென்ஷனில் இருந்து மெட்ரோவில் இரண்டே தரிப்பிடம். இலையுதிர் காலத்தில் கியூபெக் உள்ளியும் அப்பிளும் பூசணியும் மிளகாயும் அங்கே குவிந்து கிடக்கும். நானும் சனிக்கிழமைகளில் பையொன்றைத் தூக்கிக்கொண்டு போவது வழக்கம். மரக்கறியோடு சேர்த்து மருத்துவ ஆலோசனையும் அங்கே வாங்கலாம் என்று எங்கள் ஆட்கள் சிலர் நினைக்கிறார்கள் போலும். எனக்கு அதில் வருத்தம் இல்லை. சந்தையில் கேட்கப்பட்ட ஒரு கேள்விதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். (சம்பந்தப்பட்டவர்களை அடையாளம் காண முடியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.)

சில ஆண்டுகளுக்கு முன், டிசம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. நேரம் மத்தியானம். எனக்குப் பழக்கமான ஒரு அண்ணை இஞ்சி தெரிந்துகொண்டு நின்றார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“டொக்டர், உங்களைக் கண்டது நல்லதாப் போச்சு. மனிசிக்கு நேற்றுக் காலமை தொடக்கம் காய்ச்சல். உடம்பெல்லாம் அடிச்சுப் போட்டமாதிரிக் கிடக்குதாம். உள்ளியும் இஞ்சியும் போட்டு ஒரு ரசம் வைப்பம் எண்டு வந்தனான். நீங்கள் ஒரு அன்ரிபயோரிக் எழுதித் தந்தால் கெதியாச் சுகமாகிடும்.”

நான் நாலு கேள்வி கேட்டேன். அக்காவுக்கு என்ன வயது? 68. வேறு வருத்தம் இருக்கிறதா? பதினைந்து வருடமாக நீரிழிவு. காய்ச்சல் மெல்ல மெல்ல வந்ததா, திடீரென்று வந்ததா? “காலமை கோப்பி போட்டுக்கொண்டு நிண்டவா, பத்து மணிக்கிடையிலை படுத்திட்டா.” தடுப்பூசி போட்டவவா? “இல்லை டொக்டர், ஊசி போட்டால்தான் காய்ச்சல் வரும் எண்டு ஆரோ சொல்லிப்போட்டினம்.”

“அண்ணை, ரசம் பிறகு வைக்கலாம். இப்ப உடனே வீட்டை போய் அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோ” என்றேன். அவர் சிரித்தார். “நாளைக்குப் பார்ப்பம். இல்லாட்டித் திங்கட்கிழமை குடும்ப டொக்டரிட்டைப் போவம்” என்றார்.

இந்த ‘நாளைக்குப் பார்ப்பம்’ என்ற சொல்லைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். பல காய்ச்சல்களுக்கு அது நல்ல யோசனை. இன்புளுவென்சாவுக்கு, அதுவும் வயது போனவர்களுக்கும் நீண்டகால நோயாளருக்கும் வந்த இன்புளுவென்சாவுக்கு, அது நல்ல யோசனை அல்ல.

தடிமன் வேறு, இன்புளுவென்சா வேறு

மூக்கால் நீர் ஓடினாலும் ‘புளூ’ என்கிறோம், தொண்டை நொந்தாலும் ‘புளூ’ என்கிறோம். சாதாரண தடிமன் பலவகை வைரஸ்களால் வருவது. தொண்டைக் கரகரப்பில் தொடங்கி, தும்மல், மூக்கடைப்பு என்று மெதுவாக வளரும். வளர்ந்தவர்களுக்குக் காய்ச்சல் பெரிதாக இராது. வேலைக்கும் போய் வரலாம்.

இன்புளுவென்சா அப்படியல்ல. கிருமி உடலுக்குள் சென்று ஒன்று முதல் நாலு நாட்களுக்குள் அறிகுறிகள் தோன்றும். காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் எழும்ப முடியாமல் கிடப்பார். 38 பாகைக்கு மேற்பட்ட காய்ச்சல், குளிர் நடுக்கம், தலையிடி, தசை நோவு, வறட்டு இருமல், கடுமையான களைப்பு ஆகியன ஒன்றாக வரும். சிறு பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் வரலாம். வயோதிபரில் சிலருக்குக் காய்ச்சலே இல்லாமல், திடீர்ச் சோர்வும் மனத்தடுமாற்றமும் மட்டுமே தெரியக்கூடும்.

நோயாளி அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே மற்றவர்களுக்குத் தொற்றைக் கொடுக்கத் தொடங்குகிறார். பிறகும் ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை கொடுக்கிறார். பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் வாங்கி வந்தது மூன்று நாட்களில் அம்மம்மாவின் கட்டிலுக்குப் போய்விடுகிறது. மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் வாழ்வது எங்கள் பலம். பனிக்காலத்தில் யன்னல் எல்லாம் சாத்தியிருக்கும்போது அதுவே இந்தக் கிருமிக்கு வசதியாகிவிடுகிறது.

1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்தில் இருந்து இடம்பெயர்ந்தபோது நான் மருத்துவ மாணவன். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறைக்குள் பல குடும்பங்கள் படுத்திருந்தோம். மழை பெய்துகொண்டிருந்தது. ஒரு மூலையில் தொடங்கிய இருமல் சில நாட்களில் மறுமூலைக்குப் போனதை அங்கே கண்ணால் பார்த்தேன். தொற்று எப்படிப் பரவுகிறது என்பதைப் புத்தகத்தைவிட அந்த வகுப்பறைதான் எனக்கு நன்றாகப் படிப்பித்தது.

கனேடியன்ஸ் அணிக்கு வந்த காய்ச்சல்

‘நாங்கள் காணாத காய்ச்சலா?’ என்று கேட்பவர்களுக்கு மொன்றியலின் பழைய கதை ஒன்றைச் சொல்வேன்.

1918 இலையுதிர் காலத்தில் இன்புளுவென்சா உலகைச் சுற்றி வந்தது. மொன்றியலில் பாடசாலைகளும் நாடக அரங்குகளும் மூடப்பட்டன. இந்நகரில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கனடா முழுவதிலும் சுமார் 50,000 பேரும், இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரும் மாண்டனர்.

அடுத்த வசந்தத்தில், ஸ்ரான்லி கிண்ண இறுதிப் போட்டிகளுக்காக மொன்றியல் கனேடியன்ஸ் அணி அமெரிக்காவின் சியாற்றில் நகருக்குச் சென்றது. இரு அணிகளும் சமநிலையில் இருந்தபோது கனேடியன்ஸ் வீரர்கள் பலர் காய்ச்சலில் விழுந்தார்கள். 1919 ஏப்ரல் 1 ஆம் திகதி நடக்கவிருந்த கடைசி ஆட்டம் கைவிடப்பட்டது. ஏப்ரல் 5 ஆம் திகதி, அவ்வணியின் வீரர் ஜோ ஹோல் நிமோனியாவால் சியாற்றிலில் காலமானார். வயது 37. அந்த ஆண்டு கிண்ணம் யாருக்கும் வழங்கப்படவில்லை.

பனித்தரையில் மோதி விளையாடிய திடகாத்திரமான மனிதரையே இந்த நோய் சாய்த்தது. அன்று தடுப்பூசியும் இல்லை, வைரஸ் எதிர்ப்பு மருந்தும் இல்லை, நிமோனியாவுக்கு அன்ரிபயோரிக்கும் இல்லை. இன்று மூன்றும் எங்களிடம் உண்டு. உரிய நேரத்தில் போய்ச் சேருவதுதான் எங்கள் பொறுப்பு.

யாருக்கு ஆபத்து அதிகம்?

ஆரோக்கியமான பெரும்பாலானோர் ஒரு கிழமையில் தேறிவிடுவர். களைப்பும் இருமலும் மட்டும் இன்னும் சில நாட்கள் இழுபடலாம். பின்வருவோர் கவனமாக இருக்கவேண்டும்:

1. 65 வயதைத் தாண்டியவர்கள்
2. ஐந்து வயதுக்குட்பட்ட, குறிப்பாக இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள்
3. கர்ப்பிணிகள், அண்மையில் பிள்ளை பெற்றவர்கள்
4. நீரிழிவு, இருதய நோய், தொய்வு, சிறுநீரக நோய் உள்ளவர்கள்
5. புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள்
6. மிகையான உடற்பருமன் உள்ளவர்கள்

நீரிழிவும் இருதய நோயும் இல்லாத தமிழ் வீடுகள் எத்தனை? ஒன்ராறியோவில் நடத்தப்பட்டு 2018 இல் வெளிவந்த ஆய்வொன்று, இன்புளுவென்சா உறுதிசெய்யப்பட்ட முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பு மற்றைய காலத்தைவிட ஏறத்தாழ ஆறு மடங்காக இருந்ததைக் காட்டியது. ஆகவே இது நுரையீரலோடு மட்டும் நிற்கும் நோயல்ல. காய்ச்சலோடு நெஞ்சு நோ வந்தால் ‘இருமி இருமி நோகுது’ என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

48 மணித்தியாலக் கணக்கு

இன்புளுவென்சா வைரஸ் எங்கள் சுவாசக் குழாயின் கலங்களுக்குள் புகுந்து தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. பெருகிய வைரஸ்கள் வெளியேறி அடுத்த கலங்களைத் தாக்குகின்றன. ஒசெல்ராமிவிர் என்ற மருந்து, அதாவது ரமிபுளூ, அவை வெளியேறுவதைத் தடுக்கிறது. வைரஸ் ஏற்கெனவே எங்கும் பரவிய பின்னர் கதவைப் பூட்டிப் பயன் குறைவு. அதனால்தான் அறிகுறி தொடங்கி 48 மணித்தியாலத்துக்குள் இம்மருந்தைத் தொடங்குவது சிறந்தது என்கிறோம். வழமையாக நாளுக்கு இரு தடவை, ஐந்து நாட்கள். சாப்பாட்டோடு எடுத்தால் குமட்டல் குறையும். சிறுநீரக நோய் இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும்.

இது மந்திர மருந்தல்ல. ஆரோக்கியமான ஒருவருக்கு நோய்க்காலத்தை ஒரு நாளளவு குறைக்கும், அவ்வளவுதான். எல்லோருக்கும் இது தேவையுமில்லை. ஆனால் மேற்சொன்ன பட்டியலில் உள்ளவருக்கு முதல் நாளே வைத்தியரிடம் கேட்கவேண்டும். நோய் கடுமையாக இருந்தால் 48 மணித்தியாலம் கடந்தும் கொடுப்போம். ஆகவே ‘பிந்திவிட்டது’ என்று வீட்டில் இருந்துவிடவும் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை காலை தொடங்கிய காய்ச்சலுக்குத் திங்கட்கிழமை போனால் என்ன ஆகும் என்று இப்போது நீங்களே கணக்குப் பாருங்கள்.

அன்ரிபயோரிக் ஏன் வேண்டாம்?

அன்ரிபயோரிக் பக்ரீரியாவைக் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. ஊரில் ஒரு வருத்தத்துக்கு வாங்கியதில் மிஞ்சிய குளிசைகளைப் பெட்டியில் கொண்டுவந்து, இங்கே இன்னொரு வருத்தத்துக்கு விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். இதனால் வயிற்றோட்டமும் ஒவ்வாமையும் வரலாம். பின்பு உண்மையிலேயே தேவைப்படும்போது அம்மருந்து வேலை செய்யாமலும் போகலாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. இன்புளுவென்சா நுரையீரலைப் புண்ணாக்கிய பிறகு அங்கே பக்ரீரியா குடிபுகுந்து நிமோனியா ஆகலாம். அப்போது அன்ரிபயோரிக் உயிர்காக்கும். இதன் அடையாளம் முக்கியமானது: நோயாளி ஓரளவு தேறுவார், பிறகு காய்ச்சலும் இருமலும் முன்னையதைவிடக் கடுமையாகத் திரும்பும்.

இந்த அடையாளத்தை நான் மறக்கமாட்டேன். நான் கனடாவுக்கு அகதியாக வந்து, பகலில் இந்நாட்டு மருத்துவப் பரீட்சைகளுக்குப் படித்து, இரவில் களஞ்சியமொன்றில் பெட்டி தூக்கிய காலம். என்னை வளர்த்த பெரியம்மா எங்களோடு இருந்தா. ஒரு ஜனவரியில் அவவுக்குக் காய்ச்சல் வந்தது. “இந்தக் குளிருக்குள்ளை என்னை இழுக்காதை தம்பி, நாளைக்குப் பார்ப்பம்” என்றா. இரண்டு குளிசை கொடுத்துவிட்டு நானும் ஓமென்றேன். மூன்றாம் நாள் எழும்பிக் கஞ்சி குடித்தா. எங்களுக்குச் சந்தோஷம். ஐந்தாம் நாள் திரும்பவும் காய்ச்சல், மூச்சிழுப்பு. வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். பதினோராம் நாள் காலமாகிவிட்டா.

முதல் நாளே போயிருந்தால் பிழைத்திருப்பா என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் மருத்துவப் பட்டம் பெற்ற நானே வீட்டில் ‘நாளைக்கு’ என்ற சொல்லுக்குத் தலையாட்டினேன். அதனால்தான் சந்தையில் அந்த அண்ணையின் கையில் இருந்த இஞ்சியைத் திரும்ப வைக்கச் சொன்னேன்.

வீட்டில் செய்யவேண்டியவை

ஓய்வும் நீராகாரமும் முக்கியம். கொத்தமல்லி, வேர்க்கொம்பு அவித்துக் குடிப்பதை நான் தடுப்பதில்லை. தொண்டைக்கு இதம் தரும், உடலில் நீரும் சேரும். ஆனால் அது வைரஸைக் கொல்லாது. நீரிழிவுள்ளவர்கள் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கும்போது இரத்தத்தில் சீனி ஏறும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

• காய்ச்சலுக்கும் நோவுக்கும் ரைலினோல் எடுக்கலாம். ஊரில் பனடோல் என்பதும் இதே மருந்துதான். இரண்டையும் சேர்த்து எடுத்தால் இரட்டிப்பு அளவாகிவிடும். தடிமன், புளூவுக்கென விற்கும் தூள்களிலும் பாணிகளிலும் இதே மருந்து கலந்திருக்கும். பெட்டியை வாசித்துப் பாருங்கள், அல்லது மருந்தாளரைக் கேளுங்கள்.

• பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுக்கவே கூடாது. ஈரலையும் மூளையையும் தாக்கும் அரிய நோயொன்று அதனால் வரலாம். மருந்தின் அளவு பிள்ளையின் நிறையைப் பொறுத்தது.

• ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கவேண்டாம். கொதிநீரில் ஆவி பிடிக்க வைக்கவும் வேண்டாம். சுடுநீர் ஊற்றுண்டு வெந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்.

• நீரிழிவுள்ளவர்கள் சீனியின் அளவை வழமையைவிட அடிக்கடி பாருங்கள். சாப்பிடவில்லை என்று இன்சுலினைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. மறுபுறம், வாந்தியும் வயிற்றோட்டமும் இருந்தால் வேறு சில நீரிழிவு, பிறஷர்க் குளிசைகளைத் தற்காலிகமாக நிறுத்தவேண்டி வரலாம். அன்றே வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ கேளுங்கள்.

• நோயாளி இயன்றவரை தனி அறையில் இருக்கட்டும். பராமரிப்பவர் முகக்கவசம் அணிந்து, கைகளைச் சவர்க்காரத்தால் கழுவட்டும். அந்தக் கிழமை வரும் கலியாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னால் போதும்.

உடனே அவசர சிகிச்சைக்குப் போகவேண்டிய அறிகுறிகள்

மூச்சுத்திணறல், ஒரு வசனத்தைச் சொல்லி முடிக்க மூச்சுப் போதாமை, நெஞ்சு நோ, உதடு நீலமாதல், மனத்தடுமாற்றம், எழுப்பினாலும் எழும்பாத மயக்கம், வலிப்பு, பல மணித்தியாலமாகச் சிறுநீர் கழியாமை, தேறிய பின் திரும்பிவரும் காய்ச்சல். குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு விடும்போது விலா உள்ளிழுத்தாலோ தாமதிக்கவேண்டாம். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 பாகைக் காய்ச்சல் வந்தாலே போதும், உடனே போகவேண்டும். கடுமையான நிலையில் 911. என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 811 ஐ அழையுங்கள். கியூபெக்கில் இரவு பகலாக ஒரு தாதி பதில் சொல்வார். பிரெஞ்சோ ஆங்கிலமோ சரளமில்லாத பெற்றோருக்காகப் பிள்ளைகள் அழைத்துக் கொடுக்கவேண்டும்.

இன்புளுவென்சாவைப் போல வரும் மற்ற வைரஸ்கள்

கோவிட்-19: அறிகுறியை மட்டும் வைத்து இதையும் இன்புளுவென்சாவையும் பிரித்தறிய முடியாது. பரிசோதனை வேண்டும். ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு இதற்கென மருந்து உண்டு. அதை ஐந்து நாட்களுக்குள் தொடங்கவேண்டும்.

ஆர்.எஸ்.வி: கைக்குழந்தைகளுக்கும் வயோதிபருக்கும் மூச்சிழுப்பைக் கொண்டுவரும் வைரஸ். இதிலிருந்து காக்கும் ஊசியைக் கியூபெக் 2024 இலையுதிர் காலத்தில் கைக்குழந்தைகளுக்கு வழங்கத் தொடங்கியது. பிள்ளை பிறக்கவிருக்கும் குடும்பங்கள் முன்கூட்டியே விசாரியுங்கள்.

சின்னமுத்து: ஒழிந்துவிட்டதென்று நினைத்திருந்த நோய். 2024 ஒக்ரோபரில் தொடங்கிய பரவலில் கனடாவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். 2025 நவம்பர் 10 ஆம் திகதி, சின்னமுத்தை ஒழித்த நாடு என்ற தகுதியைக் கனடா இழந்தது. நோயாளி போன பின்னும் இரண்டு மணித்தியாலம் வரை இந்த வைரஸ் காற்றில் நிற்கும். காய்ச்சல், சிவந்த கண்கள், இருமல், பின்பு தடிப்பு என்று கண்டால் முதலில் தொலைபேசியில் அறிவித்துவிட்டே போங்கள். போர்க்காலத்தில் வளர்ந்த எங்களில் பலரிடம் தடுப்பூசி அட்டை இல்லை. போட்டோமா என்று தெரியாதவர்கள் திரும்பப் போட்டுக்கொள்வதில் தீங்கில்லை. கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் மட்டும் இந்த ஊசியைப் போடக் கூடாது.

டெங்கு: ஊருக்குப் போய்வந்து இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வந்தால் ‘புளூ’ என்று இருந்துவிடாதீர்கள். போய்வந்த நாட்டை வைத்தியரிடம் சொல்லுங்கள். டெங்கு இல்லையென்று தெரியும்வரை அஸ்பிரினோ அட்வில்லோ எடுக்கவேண்டாம். இரத்தப்பெருக்கு அதிகரிக்கும். காய்ச்சல் விடும் நேரமே டெங்குவில் ஆபத்தான நேரம் என்பதையும் மறக்காதீர்கள்.

ஊசி போட்டால் காய்ச்சல் வருமா?

இன்புளுவென்சாத் தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. ஆகவே அதனால் இன்புளுவென்சா வராது. கை நோவும், ஒரு நாள் உடல் நோவும் இலேசான காய்ச்சலும் வரலாம். பாதுகாப்பு உருவாக இரண்டு கிழமை எடுக்கும். அதற்கிடையில் வேறு கிருமி தொற்றினால் பழி ஊசியில் விழுகிறது.

வைரஸ் ஆண்டுதோறும் உருமாறுவதால் ஊசியும் மாறுகிறது. நன்றாகப் பொருந்தும் ஆண்டுகளில் நோய் வரும் வாய்ப்பை 40 முதல் 60 வீதம் வரை குறைக்கும். மீறி வந்தாலும் வைத்தியசாலைப் படுக்கைவரை போகும் வாய்ப்பைக் குறைக்கும். கியூபெக்கில் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு இது இலவசம். இலையுதிர் காலத்தில் மருந்துக்கடையிலோ சி.எல்.எஸ்.சி. நிலையத்திலோ கேளுங்கள். அம்மம்மாவுக்கு மட்டுமல்ல, அவவைக் கட்டிப்பிடிக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போடுங்கள்.

அந்த அண்ணை அன்று பின்னேரமே மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார். இன்புளுவென்சா ஏ என்று உறுதியானது. நிமோனியாவும் தொடங்கியிருந்தது. மருந்து தொடங்கி, ஐந்து நாட்கள் வைத்தியசாலையில் இருந்து அக்கா வீடு திரும்பினா. அடுத்த ஒக்ரோபரில் இருவரையும் அதே சந்தையில் கண்டேன். அக்கா உள்ளி தெரிந்துகொண்டு நின்றா. என்னைக் கண்டதும் சட்டைக் கையை உயர்த்தி, ஊசி போட்ட இடத்து ஒட்டுத்துணியைக் காட்டினா. “இவருக்கும் போட்டாச்சு, டொக்டர்” என்றா.

வருமுன் காப்பதே சிறந்தது. வந்துவிட்டால், முதல் நாளே கேளுங்கள்.